குறைந்த செலவில் ஆர்.சி. கிராலருக்கு மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் தேர்ந்தெடுக்கும் முறை

குமரி மாவட்டத்தில் ஆர்.சி. கிராலர், அதாவது ரிமோட்டில் பாறை மேல் ஊர்ந்து ஏறும் சிறிய வண்டி, வைத்திருப்பவர் பாறை தேடி அலைய வேண்டியதில்லை. முட்டத்தின் கடலோரப் பாறைகள், தோவாளைப் பக்கத்து மலையடிவாரக் கருங்கற்கள், குலசேகரம், திற்பரப்பு வட்டாரத்தில் தட்டுத் தட்டாக வெட்டப்பட்ட ரப்பர் தோட்டச் சரிவுகள், வேர்கள், சரளை கலந்த செம்மண் என எல்லா வகை நிலமும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைத்துவிடும். சிக்கல் இருப்பது வாங்கும் இடத்தில்தான். இணையக் கடைகளில் மோட்டாரின் கீழே ஆர்.பி.எம். (நிமிடத்துக்கான சுற்று) எண்ணும், ஈ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்படுத்தியின் கீழே ஆம்பியர் எண்ணும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அந்த இரண்டு எண்களை மட்டும் நம்பி வாங்குபவருக்குப் பாறையில் நிற்காமல் வழுக்கும் வண்டியோ, பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாதபடி சுடும் மோட்டாரோதான் கிடைக்கும்.

பணம் குறைவாக இருந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்கை ஈ.எஸ்.சி.க்கும் ஒரு பங்கை மட்டும் மோட்டாருக்கும் ஒதுக்குங்கள் என்பதே என் பரிந்துரை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிரஷ் மோட்டார் (உள்ளே கார்பன் பிரஷ் உரசி மின்சாரம் தரும் மோட்டார்) தேய்ந்து தீரும் பொருள். சில நூறு ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளலாம். சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும், நகத்தின் அளவு முன்னேறச் செய்வதும், லைப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரி செத்துப்போகாமல் காப்பதும், முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் செர்வோவுக்கு மின்சாரம் தருவதும் ஈ.எஸ்.சி.யின் வேலைகள். அது மோசமாக இருந்தால் எவ்வளவு நல்ல மோட்டாரும் பயன்படாது.

இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் 540 அளவு மோட்டார் பொருந்தும் 1/10 அளவு (உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு) வண்டிகளுக்கானது. சிறிய வண்டிகளைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் வண்டியை அளந்துகொள்ளுங்கள்

540 வகை மோட்டாரின் உடல் ஏறக்குறைய 36 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உடையது, ஷாஃப்ட் 3.175 மி.மீ. தடிமன், பொருத்தும் துளைகள் 25 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. திருகுக்கு ஏற்றவாறு இருக்கும். 550 வகை ஏழு மி.மீ. அளவுக்கு நீளமானது. சில சேஸிகளில் அந்த நீளம் பேட்டரித் தட்டிலோ செர்வோவிலோ முட்டும் என்பதால், வாங்கும் முன் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட வேண்டும். மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் சிறிய கியரான பினியனின் பல் அளவு, அது சுழற்றும் பெரிய கியரான ஸ்பரின் பல் அளவோடு ஒத்திருக்க வேண்டும். 32 பிட்சையும் 48 பிட்சையும் சேர்த்துப் போட்டால் ஒரே நாளில் ஸ்பர் மொட்டையாகிவிடும்.

அடுத்து வண்டியின் மொத்த கியர் விகிதம் தெரிய வேண்டும். கையேடு இல்லாவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்கலாம். மோட்டாரைக் கழற்றி, வண்டியைத் தூக்கி வைத்து, ஒரு சக்கரத்திலும் ஸ்பர் கியரிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். சக்கரம் சரியாக ஒரு சுற்று வரும்வரை ஸ்பரைக் கையால் சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பத்துச் சுற்று ஆனது, ஸ்பரில் 56 பல், பினியனில் 14 பல் என்று வைத்துக்கொண்டால், 56ஐ 14ஆல் வகுத்துக் கிடைக்கும் 4ஐப் பத்தால் பெருக்க, மொத்த விகிதம் 40 ஆகிறது. அதாவது மோட்டார் நாற்பது சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறது.

இந்த எண் கைக்கு வந்தபின் எந்த மோட்டாரையும் காகிதத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம். 110 மி.மீ. உயரமுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 345 மி.மீ. மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் சக்கரம் 300 சுற்று. அது நிமிடத்துக்கு 103 மீட்டர், மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். உடன் நடந்து செல்பவரின் வேகம் அது. பாறைக்கு இதுவே தாராளம். மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் என்று கணக்கு வந்தால், அந்த மோட்டாரைத் தொடாமல் அடுத்ததைப் பாருங்கள்.

டர்ன் எண் சொல்வதும் சொல்லாததும்

35டி, 55டி என்று மோட்டாரில் எழுதியிருப்பது, ஆர்மேச்சர் எனப்படும் சுழலும் பகுதியின் ஒவ்வொரு துருவத்திலும் செம்புக் கம்பி எத்தனை சுற்று சுற்றப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும். சுற்று கூடினால் வேகம் குறையும். ஒரே பேட்டரியில் 27 டர்ன் மோட்டாரைவிட 55 டர்ன் மோட்டார் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் சுழலும்.

டர்ன் கூடினால் இழுவிசை கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவிசை டர்ன் கூடக் கூடக் கூடுகிறது. ஆனால் முழு மின்னழுத்தத்தையும் கொடுத்து மோட்டாரை அசையாமல் பிடித்துவிட்டால், மின்தடை குறைந்த, டர்ன் குறைந்த மோட்டார் கண்மண் தெரியாமல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, அதிக விசையையே காட்டும். அப்படியானால் கிராலருக்கு ஏன் டர்ன் கூடிய மோட்டார்? ஒரே பாறையில் ஒரே இழுவிசையைத் தருவதற்கு 55 டர்ன் மோட்டாருக்கு 27 டர்ன் மோட்டாரில் பாதி மின்னோட்டம் போதும். அந்த அளவுக்கு ஈ.எஸ்.சி.யும் வயரும் கனெக்டரும் சூடாகாமல் தப்பிக்கின்றன. அத்துடன், டிரான்ஸ்மிட்டரின் டிரிகரை நாம் இழுக்கும் தூரம் முழுவதும் சிறிய வேக வரம்புக்குள் பரவி அமைவதால், விரலை இம்மியளவு அசைத்தால் வண்டியும் அந்த அளவே அசைகிறது. விலை குறைந்த ஈ.எஸ்.சி.யோடு ஓட்டுபவருக்கு இந்த இரண்டும் பெரிய உதவி.

2எஸ் (இரண்டு செல், 7.4 வோல்ட்) லைப்போவில் தோட்டப் பாதையும் பாறையும் கலந்து ஓட்டுபவர் 35 டர்ன் வாங்கலாம். பாறையில் மட்டுமே ஓட்டுபவருக்கு 45 முதல் 55 வரை பொருந்தும். 3எஸ் (மூன்று செல்) பேட்டரி வைத்திருப்பவர் 55 டர்னையே எடுக்க வேண்டும். மின்னழுத்தம் ஒன்றரை மடங்கு ஆவதால், 3எஸ்ஸில் 55 டர்ன் மோட்டாரின் வேகம் 2எஸ்ஸில் 35 டர்ன் மோட்டாரின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. 80 டர்ன் மோட்டார் போட்டிப் பாறைகளுக்கு நல்லது. மற்ற இடங்களில் அதனோடு நடப்பது பொறுமையைச் சோதிக்கும்.

டர்னுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது ஆர்மேச்சரில் கம்பி சுற்றும் இடைவெளிகள், அதாவது ஸ்லாட்டுகள், மூன்றா, ஐந்தா என்பது. ஐந்து ஸ்லாட் மோட்டார் மிகக் குறைந்த வேகத்தில் விக்காமல் சுழலும். விலை சற்றுக் கூடுதலானாலும், மோட்டாருக்காக நான் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லும் பணம் இது ஒன்றுக்குத்தான். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதில்லை. ஷாஃப்டை விரல்களால் மெல்லத் திருகினால், காந்தம் பிடித்து விடும் தடக்குகள் விரலுக்குத் தெரியும். மூன்று ஸ்லாட் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு ஆறு தடக்குகள் முரட்டுத்தனமாக வரும்; ஐந்து ஸ்லாட்டில் பத்து தடக்குகள் மென்மையாக வரும்.

மிக மிகக் குறைந்த செலவில் முடிக்க வேண்டியவருக்கு இன்னொரு வழியும் உண்டு. பொது எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் 555 மோட்டார் பெரும்பாலும் 540 மோட்டாரின் துளைகளுக்கே பொருந்தும். 3எஸ்ஸில் அமைதியாக ஓடும். அதில் பல வேகங்கள் விற்கப்படுவதால், நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்குக் குறையாததைக் கேட்டு வாங்கி, ஷாஃப்ட் தடிமனை வெர்னியரால் அளந்து பார்த்துவிட்டுப் பினியன் பொருத்துங்கள். நீண்ட காலத் துணையாக அதை நான் சொல்லமாட்டேன். ஆனால் பணத்தை ஈ.எஸ்.சி.யில் போட்டுவிட்டு, மாதக் கடைசிவரை வண்டியை ஓட வைக்க அது போதும்.

பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. சுழலும் பகுதியின் நிலையைச் சொல்லும் சென்சார் இல்லாத விலை குறைந்த பிரஷ்லெஸ் செட்டுகள் வேகமாக ஓடும் வண்டிகளுக்கானவை. பாறையில் புறப்படும் நேரத்தில் அவை திக்கித் திணறும். ஹாபிவிங் நிறுவனத்தின் ஃப்யூஷன் போல மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் ஒன்றாக அமைந்தவை மிக நேர்த்தியாக ஊர்ந்து செல்லும், ஆனால் அவற்றைச் சிக்கனக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஈ.எஸ்.சி.யில் எதற்குக் காசு கொடுக்கிறோம்

ஆம்பியர் எண்ணில் இருந்தே தொடங்கலாம். ‘320ஏ’ என்று அச்சிட்டு, சிறிய நீல அல்லது கறுப்பு ஹீட் சிங்க்கோடு, சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் ஈ.எஸ்.சி.யைப் பார்க்காத ஹாபிக்காரர் இருக்க முடியாது. அதன் வயரின் தடிமனைப் பார்த்தாலே 320 ஆம்பியர் அதில் ஓடாது என்பது விளங்கும். அந்த எண் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் எனும் மின் சுவிட்சுகள் ஒரு கணம் தாங்கக்கூடியதாகச் சொல்லப்படும் உச்ச அளவுகளைக் கூட்டிப் போட்டது போன்றது. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் ஒரு சிறு பகுதிதான். மாறாக, ஹாபிவிங் குவிக்ரன் 1060 ‘60 ஆம்பியர்’ என்று சொல்வது தொடர்ந்து தாங்கும் அளவை. 35 டர்னோ அதற்கு மேலோ உள்ள 540 மோட்டாருக்கு நேர்மையான 60 ஆம்பியர் தாராளம்.

எவ்வளவு தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மோட்டாரின் மின்தடை கால் ஓம் என்று கொண்டால், 7.4 வோல்ட்டில் சக்கரம் பாறை இடுக்கில் சிக்கி நிற்கும்போது ஏறக்குறைய 30 ஆம்பியர் பாயும். 30ஐ 7.4ஆல் பெருக்கினால் 222 வாட். சக்கரம் சுழலாததால் அத்தனையும் வெப்பமாக மாறுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்பதை அந்தச் சின்ன டப்பாவுக்குள் செருகி வைத்ததற்குச் சமம். ஆகவே சக்கரம் நின்று மோட்டார் ‘ம்ம்’ என்று முனகத் தொடங்கியவுடன் டிரிகரை விட்டுவிட வேண்டும். எந்த ஈ.எஸ்.சி.யும் இதற்கு மாற்று ஆகாது.

டிராக் பிரேக்தான் கிராலர் ஈ.எஸ்.சி.யின் உயிர். டிரிகரை விட்டதும் ஈ.எஸ்.சி. மோட்டாரின் இரு முனைகளையும் உள்ளுக்குள் இணைத்துவிடுகிறது; சரிவில் வண்டி கீழே இழுக்கப்படும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறித் தன்னையே தடுத்துக்கொள்கிறது. சுழற்சி இருந்தால்தான் இந்தத் தடை பிறக்கும் என்பதால், செங்குத்தான பாறையில் முழு டிராக் பிரேக் வைத்தாலும் வண்டி நத்தை வேகத்தில் இறங்கவே செய்யும். இதைக் கோளாறு என்று எண்ணி ஈ.எஸ்.சி.யைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதைக் குறைக்க வேண்டுமானால், சிறிய பினியன் போட்டு கியர் விகிதத்தைக் கூட்டுங்கள். சக்கரத்தில் கிடைக்கும் இந்தத் தடை விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 14 பல் பினியனுக்குப் பதில் 11 பல் போட்டால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. நூறு, நூற்றைம்பது ரூபாய் பினியனில் கிடைக்கும் இந்த லாபம் வேறெதிலும் கிடைக்காது.

விலை குறைந்த ஈ.எஸ்.சி.களில் பலவற்றில் டிராக் பிரேக் இருக்காது. இருந்தாலும் அளவை மாற்ற முடியாது. குவிக்ரன் 1080 கிராலர்களுக்கென்றே வந்தது. 80 ஆம்பியர் தாங்கும். உடன் வரும் புரோகிராம் கார்டில் டிராக் பிரேக்கின் அளவை நாமே வைத்துக்கொள்ளலாம். செர்வோவுக்குப் போகும் மின்னழுத்தத்தை 6 வோல்ட், 7.4 வோல்ட் என மாற்றலாம். 1060ஐவிட விலை கூடுதல்தான். நல்ல மோட்டார், 1080 இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், மோட்டாரை மலிவாக்கி 1080 வாங்குங்கள். அதுவும் முடியாதவர், முன்னோக்கி, பின்னோக்கி என்ற கிராலர் முறையை ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு) வழியே தரும் ஈ.எஸ்.சி.யையாவது தேட வேண்டும். இரண்டு முறை டிரிகரைத் தள்ளினால்தான் ரிவர்ஸ் விழும் ஈ.எஸ்.சி.யோடு பாறையில் நிற்பது எரிச்சல்.

பேட்டரி குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் லைப்போ கட்ஆஃப் இல்லாத ஈ.எஸ்.சி.யோடு லைப்போ பேட்டரி போடக் கூடாது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுப்போகத் தொடங்கும்; கிராலர் மெதுவாக ஓடுவதால் பேட்டரி தளர்வதே தெரியாது. அத்தகைய ஈ.எஸ்.சி. ஏற்கெனவே கையில் இருந்தால், பேட்டரியின் சிறிய பேலன்ஸ் பிளக்கில் மாட்டும் சிறிய பஸ்ஸர் ஒன்றை வாங்கி 3.4 வோல்ட்டில் கத்தும்படி வைத்துவிடுங்கள்.

பி.இ.சி. எனப்படும், ரிசீவருக்கும் செர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதியைப் பலர் கவனிப்பதே இல்லை. முன்சக்கரம் இரண்டு கற்களுக்கு இடையே சிக்கியிருக்கும்போது ஸ்டியரிங்கை முழுவதும் திருப்புங்கள். ரிசீவரின் விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தாலோ, வண்டி நின்று மீண்டும் புறப்பட்டாலோ, செர்வோ கேட்கும் மின்னோட்டத்தை பி.இ.சி.யால் தர முடியவில்லை என்று பொருள். 20 கிலோ செர்வோ ஒன்று சிக்கி நிற்கும்போது இரண்டு, மூன்று ஆம்பியர் இழுக்கும். பி.இ.சி. 3 ஆம்பியருக்குக் குறைவாக இருந்தால், தனி பி.இ.சி.யான யு.பி.இ.சி. ஒன்றை 5 ஆம்பியர் அளவில் வைத்து, ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயர்களில் நடுவில் உள்ள சிவப்பு வயரை மட்டும் பிளக்கிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிட வேண்டும்.

உப்பு, கருமணல், இரண்டு மழைக்காலம்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே நீர் புகாத ஈ.எஸ்.சி. இங்கே ஆடம்பரம் அன்று. ஹீட் சிங்க்கும் ஓப்பன் போர்டுமாக வருபவை ஓடைக்கரையில் முதல் தெறிப்பிலேயே போய்விடும். ரிசீவரும் நீர் புகாத பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நன்னீரில் பிரஷ் மோட்டார் நனைந்தால் பிரஷ் சற்று வேகமாகத் தேயும், அவ்வளவுதான். கடல்நீர் அப்படியல்ல, முட்டத்துப் பாறையில் அலைத் துளி பட்டுத் திரும்பிய மோட்டாரை அன்றே நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, ஷாஃப்டைத் தாங்கும் இரு முனைப் புஷ்களிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால், அடுத்த வாரம் ஷாஃப்ட் துருவால் இறுகியிருக்கும்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையில் ஓட்டுபவருக்குக் கருமணல் தனித் தொல்லை. அங்கே ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரித்தெடுக்கும் தாதுக்களில் இல்மனைட் காந்தத்தால் இழுக்கப்படுவது. காந்தப் பிரிப்பான்களைக் கொண்டே அதைப் பிரிக்கிறார்கள். மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம். பக்கவாட்டில் காற்றுத் துளைகள் அகலமாகத் திறந்திருக்கும் மோட்டாரை அங்கே ஓட்டினால், கறுப்புத் துகள்கள் உள்ளே போய் ஆர்மேச்சருக்கும் காந்தத்துக்கும் இடையில் தங்கிவிடும். அந்த மணலிலேயே இருக்கும் கார்னெட் உப்புத்தாளுக்குப் பயன்படும் கடினமான தாது என்பதால், புஷ்ஷும் பிரஷ்ஷும் எளிதில் தேய்ந்துபோகும். துளை குறைந்த, மூடிய உடலுள்ள மோட்டாரை வாங்குங்கள். இல்லையேல் துளைகளின் மேல் மெல்லிய நைலான் துணியைச் சுற்றி ஒட்டுங்கள்.

தென்னந்தோப்பில் ஓட்டுபவர் வீடு திரும்பியதும் டிரைவ் ஷாஃப்டுகளைப் பார்க்க வேண்டும். தேங்காய் மட்டையான கதம்பலிலிருந்து பிரிந்த தும்பு அவற்றில் கயிறு போல் சுற்றிக்கொள்ளும். மோட்டார் காரணமின்றிச் சூடானால் முதலில் அங்கே தேடுங்கள். சிதறால் மலை போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் வண்டியை இறக்க வேண்டாம் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

சிறிய வண்டிகளுக்கு

1/16 அளவு டபிள்யூ.பி.எல்., 1/12 அளவு எம்.என். போன்ற பிராண்டுகளின் விலை குறைந்த வண்டிகளில் 370 வகை மோட்டார் போடுவதே வழக்கமான மாற்றம். இவற்றில் பல வண்டிகளுக்கு ரிசீவரும் ஈ.எஸ்.சி.யும் ஒரே போர்டில் வரும் என்பதால், அந்தப் போர்டில் மோட்டாரை மட்டும் பெரிதாக்கினால் போர்டு கருகிவிடும். மேலே நான் குறை சொன்ன ‘320ஏ’ ஈ.எஸ்.சி. இந்தச் சிறிய மோட்டாருக்குப் போதுமானது. பஸ்ஸரை மட்டும் மறக்க வேண்டாம். இந்த வண்டிகளின் ஐந்து வயர் ஸ்டியரிங் செர்வோ சாதாரண ரிசீவரில் வேலை செய்யாது. போர்டை மாற்றும்போது மூன்று வயர் செர்வோவுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

பொருத்தியபின்

புதிய மோட்டாரின் முனைகளில் கபாசிட்டர் இல்லாவிட்டால், 104 என்று எழுதப்பட்ட செராமிக் கபாசிட்டர் மூன்றை வாங்கி, இரண்டு முனைகளுக்கும் இடையே ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் உடலுக்கும் இடையே ஒவ்வொன்று எனச் சால்டர் செய்யுங்கள். பிரஷ் பொறி எழுப்பும் இரைச்சல் ரிசீவரைக் குழப்பாமல் இருக்கும். உடலில் சால்டர் பிடிக்க, அந்த இடத்தை முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

பிரஷ் ஆர்மேச்சரின் வளைவுக்குப் படிவதற்காக, பினியன் இல்லாமல் 3 வோல்ட் அளவில் சில நிமிடங்கள் மோட்டாரைத் தனியாக ஓட விடுங்கள். பிறகு பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்தித் திருகுகளை முடுக்கி, காகிதத்தை உருவிவிட்டால் பல் இடைவெளி சரியாக அமையும். முன்னே போக வேண்டிய வண்டி பின்னே ஓடினால் மோட்டாரின் இரு வயர்களை மாற்றி இணைத்தால் போதும். எப்போதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, டிரிகரைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதன்பின் ஈ.எஸ்.சி.யைப் போட வேண்டும். விலை குறைந்த ஈ.எஸ்.சி.கள் அந்தக் கணத்தில்தான் நடுநிலையைப் படித்துக்கொள்கின்றன.

முதல் ஓட்டத்தைப் பத்து நிமிடத்தோடு நிறுத்தி, மோட்டாரின் உடலைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து நொடி விரலை வைத்திருக்க முடிந்தால் கியர் சரியாக இருக்கிறது. சட்டென்று விரலை எடுக்க வைத்தால் பினியனை இரண்டு பல் குறைத்துவிட்டு மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். மோட்டார் குளிர்ந்தே இருந்து ஈ.எஸ்.சி. மட்டும் சுட்டால், கியரைத் தொட வேண்டாம். சால்டர் இணைப்புகளையும் கனெக்டரையும் சோதியுங்கள். பழைய டாமியா வகை வெள்ளை பிளக் இருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸ்.டி.60 கனெக்டர் போடுங்கள்.